இரைப்பு உள்ள பெரியவர்களுக்கு வரும் கக்குவான் இருமல்

கக்குவான் இருமல் என்றதும் நமக்குக் கைக்குழந்தைதான் நினைவுக்கு வரும். விடாமல் இருமி, முகம் கன்றி, கடைசியில் ‘ஊப்’ என்ற ஓசையோடு காற்றை உள்ளே இழுக்கும் பச்சைக் குழந்தை. அப்படி நினைப்பதில் தப்பில்லை. இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் சில மாதம்கூட நிரம்பாத சிசுக்களுக்குத்தான். ஆனால் குழந்தையை மட்டுமே நினைப்பதால், அதே கிருமியால் அதே வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் இன்னொருவரை யாரும் கவனிப்பதில்லை. அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பல வருடமாக இரைப்பு. கையில் எப்போதும் இன்ஹேலர். “அவர் எப்பவும் இருமுறவர்தானே” என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள்.

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் என்ன ஆகும், அது ஏன் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். மருத்துவப் படிப்பு எதுவும் தேவையில்லை.

முதலில் அந்த நுரையீரல் நோய். சிஓபிடி என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை. மூச்சுக்குழாய்கள் வருடக்கணக்கில் புண்பட்டு, சுருங்கி, உள்ளே கோழை கட்டி, காற்று வெளியேற முடியாமல் திணறும் நிலை. பீடி சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் வருவது என்ற நினைப்பு நம்மிடம் பலமாக இருக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க விறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சமைத்த பெண்கள், பஞ்சு மில்லிலும் கல் குவாரியிலும் தூசியைச் சுவாசித்தவர்கள், ஒரு காலத்தில் டிபி வந்து குணமானவர்கள் எனப் புகைபிடிக்காத பெருங்கூட்டமே இதில் இருக்கிறது. 2016-ல் இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு சிஓபிடி இருந்ததாக ஒரு பெரிய கணக்கெடுப்பு சொன்னது. 1990-ல் இது 2.8 கோடி. இவர்களோடு வயதான காலத்திலும் ஆஸ்துமா விடாதவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை இவர்களைப் பற்றியது.

அடுத்து கிருமி. கக்குவானை உண்டாக்குவது போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற பாக்டீரியா. 1906-ல் பிரஸ்ஸல்ஸில் ழூல் போர்டே, ஒக்தாவ் ழாங்கு என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார்கள். மனிதர்களை மட்டுமே பிடிக்கும். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளில் பரவும். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 17 பேர் வரை தொற்றலாம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. வெகு சில நோய்களே இவ்வளவு வேகமாகப் பரவும். தட்டம்மை அவற்றில் ஒன்று.

இது ரத்தத்துக்குள் போவதில்லை. மூச்சுக்குழாயின் உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சுவர் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் உண்டு. காற்றில் சாயும் நாற்று மாதிரி அவை எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக அசைந்து, தூசியையும் கோழையையும் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. பெர்டுசிஸ் கிருமி சரியாக இந்த இழைகளைத்தான் பிடிக்கிறது. அது விடும் நச்சுகளில் ஒன்று, இழை உள்ள செல்களையே கொன்று உதிர்த்துவிடுகிறது. இன்னும் சில நச்சுகள் நம் எதிர்ப்புச் செல்களைச் செயலிழக்க வைக்கின்றன. இழைகள் போனால் கோழையை வெளியேற்ற மிஞ்சும் ஒரே வழி இருமல். அதனால் உடம்பு இருமுகிறது, விடாமல் இருமுகிறது.

கிருமி செத்த பிறகும் இருமல் நிற்காததற்குக் காரணமும் இதுதான். உதிர்ந்த செல்கள் திரும்ப வளர்ந்து, இழைகள் பழையபடி அசையத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சின்னத் தூண்டல்கூடப் போதும்: குளிர்ந்த காற்று, தாளிக்கும் நெடி, ஒரு சிரிப்பு.

நோய் எப்படி நகர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமி தொற்றி ஏழு முதல் பத்து நாளில் அறிகுறி தொடங்கும். மூன்று வாரம்வரைகூட ஆகலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் வெறும் ஜலதோஷம் போலத்தான் இருக்கும். மூக்கு ஒழுகும், லேசாக இருமல் வரும், காய்ச்சல் பெரிதாக இருக்காது. ஆனால் அதிகமாகத் தொற்றுவது இந்தக் கட்டத்தில்தான். அப்புறம்தான் அடுக்கு இருமல் ஆரம்பிக்கும். ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து இருமல், இடையில் காற்றை இழுக்க நேரமில்லாமல். முடிவில் வாந்தி வரலாம். இரவில் அதிகமாகும். இரண்டு இருமல் அடுக்குகளுக்கு நடுவே ஆள் சாதாரணமாகவே இருப்பார். இது ஆறு வாரம், சிலருக்குப் பத்து வாரம்வரை நீளும். பிறகு மெல்லக் குறையும். முழுசாக விட மாதங்கள் ஆகும்.

பெரியவர்களிடம் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. அந்த ‘ஊப்’ ஓசை பெரும்பாலும் வராது. அவர்களுடைய மூச்சுக்குழாய் குழந்தைகளுடையதைவிட அகலம். பழைய எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆக, எல்லோருக்கும் தெரிந்த அடையாளமே பெரியவர்களிடம் காணாமல் போகிறது.

சின்ன வயதில் வந்தால் திரும்ப வராதா?

வரும். இதைப் பற்றித்தான் நம்மிடம் அதிகமான தவறான நம்பிக்கை இருக்கிறது. தட்டம்மை போல ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுசுக்கும் பாதுகாப்பு என்று கக்குவானில் கிடையாது. நோய் வந்து கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி 4 முதல் 20 ஆண்டு நிற்கலாம் என்றும், தடுப்பூசியால் கிடைப்பது 4 முதல் 12 ஆண்டு நிற்கலாம் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தியாவில் இன்று அறுபதைத் தாண்டியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978-ல் தொடங்கி, 1985-ல்தான் எல்லாக் குழந்தைகளுக்குமான திட்டமாக விரிந்தது. அவர்கள் பிறந்தபோது முத்தடுப்பு ஊசி கிராமங்களுக்கு வந்தே சேரவில்லை. அவர்களில் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் கக்குவானே வந்துபோயிருக்கும். ஆனால் அது ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய கதை. அந்தப் பாதுகாப்பு எப்போதோ கரைந்துபோயிருக்கும். பேரனுக்கு ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்தில் ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி போட்டு, ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் ஊக்க ஊசி போடுகிறோம். தாத்தா பாட்டியின் கணக்கு காலியாகவே கிடக்கிறது.

புண்பட்ட நுரையீரலுக்குள் நடப்பது

நல்ல நுரையீரல் உள்ள ஐம்பது வயதுக்காரருக்குக் கக்குவான் வந்தால், இரண்டு மூன்று மாதம் அவதிப்படுவார், பெரும்பாலும் மீண்டுவிடுவார். சிஓபிடி உள்ளவருக்கு அதே கிருமி ஏன் இவ்வளவு பாதகமாகிறது?

முதல் காரணம், கிருமி தாக்கும் அதே இழைகளைப் புகை ஏற்கெனவே பாதி அழித்திருக்கிறது. கோழையை மேலே தள்ளும் சக்தி முன்பே குறைந்துபோனவருக்கு, மிச்சமிருப்பதும் போகிறது. சிஓபிடியில் கோழை சுரப்பதும் சாதாரணத்தைவிட அதிகம். தேங்கிய கோழையில் வேறு கிருமிகள் குடியேறுகின்றன. நிமோனியா வருவது இந்த வழியில்தான்.

அடுத்தது காற்று சிக்குவது. சிஓபிடி நோயாளியின் சிரமம் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதில்தான். சுருங்கிய குழாய்கள் வழியாகக் காற்று மெதுவாகத்தான் வெளியேறும். அதனால்தான் அவர்களை உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்கிறார்கள். இப்போது அவருக்கு அடுக்கு இருமல் வருகிறது. ஒவ்வொரு இருமலிலும் மார்புக்கூடு நெருக்க, தளர்ந்த சின்னக் குழாய்கள் முழுசாக மூடிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. புதுக் காற்றை இழுக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சட்டென்று இறங்குகிறது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவார். பக்கத்தில் இருப்பவர் இன்ஹேலரை நீட்டுவார். ஆனால் இன்ஹேலர் வேலை செய்ய, மருந்தை மெல்ல இழுத்துப் பத்து நொடி உள்ளே நிறுத்த வேண்டும். இருமல் அடுக்கில் இருப்பவரால் அது முடியாது. அழுத்திய மருந்து வாயிலேயே தங்கிவிடும். இந்தச் சமயத்தில் இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி இழுப்பது கொஞ்சம் உதவும். அதைக்கூட அடுக்கு ஓய்ந்த பிறகுதான் செய்ய முடியும்.

எலும்பையும் மறந்துவிடக்கூடாது. பதின்பருவத்தினரிலும் பெரியவர்களிலும் கக்குவான் என்ன செய்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கில், நூற்றுக்கு 33 பேருக்கு எடை குறைகிறது; 28 பேருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் போகிறது; 6 பேர் மயங்கி விழுகிறார்கள்; 4 பேருக்கு விலா எலும்பு முறிகிறது. இது எல்லா வயதுப் பெரியவர்களையும் சேர்த்த கணக்கு. வருடக்கணக்கில் அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு எலும்பு மெலிந்திருக்கும் எழுபது வயதுக்காரரின் விலா இன்னும் எளிதில் முறியும். விலா முறிந்தால் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமலையும் அடக்குவார். கோழை இன்னும் தேங்கும். நுரையீரலின் காற்றறைகள் சிதைந்துபோன எம்பிசீமா நோய் உள்ளவர்களுக்கு, நுரையீரலில் ஊதிப்போன காற்றுப் பை இருமல் அழுத்தத்தில் வெடித்து நுரையீரல் சுருங்கிவிடும் ஆபத்தும் உண்டு. திடீரென்று ஒரு பக்க நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் வந்தால் காத்திருக்கவே கூடாது.

இருமலில் சிறுநீர் கசிவதைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. வெளியே போவதை நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். தண்ணீர் குறைந்தால் கோழை இறுகும். வீட்டில் யாராவது இதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பெரிய உபகாரம்.

எல்லாவற்றையும்விடப் பாதகமானது நோய் முற்றும் கட்டங்கள். சிஓபிடி உள்ளவர்களுக்கு அவ்வப்போது திடீரென்று இரைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகும். அப்படி ஆகும் ஒவ்வொரு தடவையும் நுரையீரல் கொஞ்சம் இறங்கலாம். பலருக்கு அது பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவதில்லை. முன்பு தெருமுனை வரை நடந்தவர் வாசல்வரை மட்டும் நடப்பார். இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய சிஓபிடி நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கக்குவான் வந்த காலத்தை ஒட்டி இப்படி நோய் முற்றுவதும் டாக்டரைப் பார்ப்பதும் செலவும் கூடியிருந்தது தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 45 வயதைத் தாண்டிய இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கக்குவான் மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. அதிக உடல் எடை உள்ளவர்களுக்கும் அப்படியே. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போனவர்கள் 65 வயதுக்கு மேற்பட்டோரில் அதிகம்.

ஏன் கண்டுபிடிக்கப்படுவதில்லை

பெரியவர்களின் கக்குவான் பற்றி வெளியாகும் எண்கள் எல்லாமே குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து “அபூர்வமான நோய்தானே” என்று முடிவு கட்டுவது பெரிய தவறு என்பது என் எண்ணம். சோதித்தவர்களை மட்டுமே எண்ண முடியும். வாரக்கணக்கில் இருமும் பெரியவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்த ஆய்வுகளில், பல நாடுகளிலும் பத்தில் ஒருவருக்கும் அதிகமானோரிடம் கக்குவானின் தடயம் கிடைத்திருக்கிறது.

சிஓபிடி நோயாளி ஒருவர் டாக்டரிடம் போவதை மனதில் ஓட்டிப் பாருங்கள். பத்து நாளாக இருமல் அதிகம், தூக்கம் இல்லை, மூச்சு வாங்குகிறது என்கிறார். டாக்டரின் மேசையில் அவருடைய பழைய ஃபைல் இருக்கிறது. அதில் பத்து வருடமாக இதே வார்த்தைகள்தான். ஸ்டெதாஸ்கோப்பில் இரைப்புச் சத்தம் கேட்கிறது; எப்போதும் கேட்பதுதான். எக்ஸ்ரே பழையதைப் போலவே இருக்கிறது. காய்ச்சல் இல்லை. ‘பழைய நோய் முற்றியிருக்கிறது’ என்ற முடிவு இயல்பாக வந்துவிடுகிறது. நெபுலைசர், ஐந்து நாள் ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாடிக். இரைப்பு கொஞ்சம் குறைகிறது, இருமல் குறையவில்லை.

அந்த ஆன்டிபயாடிக் பெரும்பாலும் அமாக்ஸிசிலின் வகையாக இருக்கும். சிஓபிடி முற்றும்போது வரும் வழக்கமான கிருமிகளுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் பெர்டுசிஸை அது தொண்டையிலிருந்து நம்பகமாக அழிப்பதில்லை.

இரண்டு வாரம் தாண்டினால் நம் ஊரில் அடுத்து வருவது சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டிபி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது தேசிய டிபி ஒழிப்புத் திட்டத்தின் விதி. மிகச் சரியான விதி. ஆனால் அங்கே டிபி இல்லை என்று வந்துவிட்டால் தேடலும் அத்தோடு நின்றுபோகிறது. எல்லோருக்கும் நிம்மதி. இருமல் மட்டும் தொடர்கிறது. மருந்துக் கடையில் இருமல் டானிக் மாறிக்கொண்டே இருக்கிறது.

இந்தச் சங்கிலியை யாராவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும் என்றால், அது நோயாளியோடு வாழ்பவர்களால்தான் முடியும். டாக்டர் அவரைப் பார்ப்பது பத்து நிமிடம். இரவு இரண்டு மணிக்கு அவர் இருமுவதைக் கேட்பவர்கள் நீங்கள்தான். வழக்கமான சிஓபிடி இருமலில் கோழை வந்ததும் ஆசுவாசம் வரும். காலையில்தான் அதிகமாக இருக்கும். கக்குவான் சேர்ந்தால் இருமல் அடுக்கடுக்காக வரும், இரவில் எழுப்பும், முடிவில் குமட்டும், வாந்தி வரும், கோழை அதிகம் வராமலே ஆள் களைத்துப்போவார். இன்ஹேலர் எத்தனை தடவை அடித்தாலும் அந்த அடுக்கு அசையாது. இந்த வித்தியாசங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். இருமல் அடுக்கை செல்போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் டாக்டரின் அறையில் இருமல் வராமல் போகலாம். வீட்டில் வேறு யாராவது நீண்ட நாள் இருமினார்களா, பேரக் குழந்தைக்கு இருமல் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “இது கக்குவானாக இருக்குமா டாக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சோதனை

மூக்கின் வழியாக மெல்லிய வளையும் குச்சியை உள்ளே விட்டு, தொண்டையின் பின்சுவரில் சில நொடி நிறுத்தி எடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் எடுத்த அதே மாதிரிதான். அதில் பிசிஆர் செய்தால், இருமல் தொடங்கி மூன்று, அதிகபட்சம் நான்கு வாரம்வரை கிருமியின் தடயத்தைப் பிடிக்கலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முதல் இரண்டு வாரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை உதவும். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் குச்சியில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு குறையும். ஆகவே மாதிரியை முதலில் எடுத்துவிட்டு மருந்தை ஆரம்பிப்பதே நல்லது. நம் ஊரில் இது எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. பெரிய ஆய்வகங்களில் பல சுவாசக் கிருமிகளை ஒன்றாகத் தேடும் பேனல் சோதனையில் பெர்டுசிஸும் அடங்கியிருக்கும். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம்.

1930-களில் இது இன்னும் கஷ்டமாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், பகல் வேலை முடிந்த பிறகு மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஏழை வீடுகளுக்குப் போவார்கள். இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே கிருமி வளர்க்கும் தட்டை நீட்டி, தெறிக்கும் துளிகளை அதில் பிடித்துவருவார்கள். அந்தத் தட்டுகளிலிருந்துதான் அவர்களுடைய தடுப்பூசி உருவானது. முத்தடுப்பு ஊசியில் உள்ள கக்குவான் பகுதிக்கு வழி திறந்தது அவர்களுடைய உழைப்பு. அந்த இரண்டு பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் நன்றி பொங்கும்.

மருந்து

அஸித்ரோமைசின் ஐந்து நாள் என்பதே இன்று வழக்கமான சிகிச்சை. கிளாரித்ரோமைசின் ஏழு நாளும், எரித்ரோமைசின் பதினான்கு நாளும் கொடுக்கப்படுவது உண்டு. முதல் வாரங்களிலேயே ஆரம்பித்தால் நோயின் வேகம் குறையலாம். அடுக்கு இருமல் நன்றாகப் பிடித்த பிறகு ஆரம்பித்தால் இருமல் உடனே நிற்காது. ஆனால் மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். அதற்காகவேனும் கொடுக்க வேண்டும்.

நுரையீரல் நோயாளிகள் இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் இரைப்புக்குத் தியோஃபிலின் அடங்கிய மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏராளம். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் அந்தத் தியோஃபிலினை உடம்பிலிருந்து வெளியேறவிடாமல் தேக்கிவிடும். அளவு ஏறினால் குமட்டல், படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்புவரை போகலாம். அஸித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் எச்சரிக்கை வேண்டும். அதனால் நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டிய மருந்துகள் அல்ல இவை. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இருமலை மட்டும் அடக்க ஏதாவது இருக்கிறதா என்றால், நம்பகமாக வேலை செய்யும் மருந்து இதுவரை இல்லை. கோடீன் கலந்த சிரப்பு சிஓபிடி முற்றியவர்களுக்கு ஆபத்து, மூச்சையே மந்தமாக்கிவிடும். வழக்கமான இன்ஹேலர்களை நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அடியில் உள்ள நோய் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கக்குவான் இருமலுக்காக நெபுலைசரை மணிக்கொரு தடவை வைத்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இருமல் அடங்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவது, வெதுவெதுப்பான நீரை அடிக்கடி குடிப்பது, அடுப்புப் புகையும் ஊதுபத்தியும் கொசுவர்த்தியும் அந்த அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை உண்மையிலேயே உதவும். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போனாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ, அசாதாரணமாகத் தூங்கி வழிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடுப்பூசி

“எனக்குத்தான் போன வருஷம் காலில் ஆணி குத்தினப்போ டிடி ஊசி போட்டாச்சே” என்று பலர் சொல்வார்கள். ஆணி குத்தினால் போடும் ஊசி ரணஜன்னிக்கானது. இப்போது அரசு மருத்துவமனைகளில் அதற்குப் பதிலாகப் போடுவதில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. இரண்டிலும் கக்குவானுக்கு எதிரானது எதுவும் கிடையாது. பெரியவர்களுக்குக் கக்குவானுக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஊசி வேறு. டிடாப் என்பார்கள். ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் ஆனது. குழந்தைகளுக்கான ஊசியைவிட இதில் கக்குவான், தொண்டை அடைப்பான் மருந்தின் அளவு குறைவு. நம் ஊரில் பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற பெயர்களில் தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

உலக அளவில் சிஓபிடிக்கு வழிகாட்டும் கோல்டு அமைப்பு, பதின்பருவத்தில் இந்த ஊசி போடாத சிஓபிடி நோயாளிகள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தன் அறிக்கையில் பரிந்துரைக்கிறது. நம் நாட்டில் இன்றைய பெரியவர்கள் அநேகமாக எல்லோருமே அந்தக் கணக்கில் வருகிறார்கள். ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போடச் சொல்லும் நுரையீரல் டாக்டரிடம் இதையும் சேர்த்துக் கேளுங்கள். கை வலி, ஒருநாள் அசதி, லேசான காய்ச்சல் வரலாம்.

இந்த ஊசி எவ்வளவு காக்கும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். போட்ட முதல் வருடத்தில் பத்தில் ஏழு பேரைக் காக்கிறது. நான்கு வருடத்தில் அது மூன்று நான்கு பேராகக் குறைந்துவிடுகிறது என்பது அமெரிக்கக் கணக்கு. இன்னும் நன்றாக நிலைக்கும் தடுப்பூசிக்கு ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை கையில் இருப்பது இதுதான். ஓரளவு பாதுகாப்பும், வந்தாலும் நோயின் கடுமை குறைவதும், நுரையீரலில் சேமிப்பே இல்லாத ஒருவருக்குப் பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

இப்போது இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. கொரோனா காலத்தில் எல்லோரும் விலகி இருந்ததால் கக்குவான் அடங்கிக் கிடந்தது. அப்புறம் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் 2023-ல் ஆய்வகத்தில் உறுதியானவை 856, 2024-ல் 14,894. அந்த ஒரே வருடத்தில் அங்கே 11 சிசுக்கள் இறந்தன. ஆஸ்திரேலியாவில் அதே 2024-ல் 57,000 பேருக்கு மேல் பதிவானது. சீனாவில் அஸித்ரோமைசின் வகை மருந்துகளுக்கு அடங்காத பெர்டுசிஸ் பெருமளவில் பரவியிருக்கிறது. மருந்து வேலை செய்யாத கிருமி வரும்போது தடுப்பூசியின் மதிப்பு இன்னும் கூடும்.

வீட்டில் ஒருவருக்குக் கக்குவான் உறுதியானால் அவரோடு விஷயம் முடிவதில்லை. தாத்தாவிடமிருந்து பேரனுக்கும், பேரனிடமிருந்து தாத்தாவுக்கும் இது போகும். வீட்டில் கைக்குழந்தையோ, பிரசவ நாள் நெருங்கும் கர்ப்பிணியோ, இன்னொரு இரைப்பு நோயாளியோ இருந்தால், இருமல் இல்லாதவர்களுக்கும் தடுப்புக்காக அதே ஆன்டிபயாடிக்கை டாக்டர் கொடுப்பார். நோயாளிக்கு இருமல் தொடங்கிய மூன்று வாரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்குப் பலன். கர்ப்பிணிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் ஊசி போட்டால், பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள் காவலாக இருக்கும். நோயாளி மருந்து ஆரம்பித்து ஐந்து நாள் முடியும்வரை தனி அறையில் படுக்க வேண்டும், வெளியே வந்தால் முகக்கவசம் போட வேண்டும். மருந்தே எடுக்காவிட்டால் அந்த ஐந்து நாள் இருமல் தொடங்கியதிலிருந்து மூன்று வாரமாகிவிடும்.